ஒரு வண்டிக்கு மூன்று பக்கம்

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடியில்
இரவுப் பணி எனக்கு.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஏறிவரும் டேங்கர்கள்
எல்லை தாண்டியதும் என் ஜன்னலடியில்
மூச்சு வாங்கி நிற்கும்.

குழாயில் அமிலம் விட்டு, அதன்மேல் பால் விட்டு,
அடைப்பானை முறுக்கி, இயந்திரத்தில் அடுக்கிப்
பொத்தானை அமுக்கினால்
ஐந்து நிமிடம் சுழலும்.
கொழுப்பு பிரிந்து மேலே வரும்வரை
உலகத்தில் யாருக்கும் நான் தேவையில்லை.

மூன்று பக்கம்.
எழுத்து பொடியென்றால் இரண்டரை.

எழுநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் அது.
கொழிஞ்சாம்பாறை நூலகத்தின்
ஒற்றைத் தமிழ் அலமாரியில் கிடைத்தது.
தவணை இரண்டு முறை நீட்டியாயிற்று.
வண்டிக் கணக்கில் போகிறது கதை:
கல்யாணம் நின்றுபோனது ஈரோட்டு வண்டியில்.
மாமனார் கடன்பத்திரத்தைக் கிழித்தது
உடுமலை வண்டியில். அதில் தண்ணீர் கலந்திருந்தது,
திருப்பி அனுப்பினோம்.

வீட்டில் படிக்கலாமே என்பாள் ஷைலஜா.
வீட்டில் ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்,
சின்னவனின் சட்டையில் பித்தான் போயிருக்கும்,
எல்லாம் முடித்துப் புத்தகத்தைத் திறந்தால்
முதல் வரியில் கண் சொருகிவிடும்.
போன மாதம் முழுக்க
அந்த ஒரு வரியைத்தான் வீட்டில் படித்தேன்.

ஓண வாரம் வந்தது.
வரிசை அம்பராம்பாளையம்வரை நிற்பதாக
யாரோ அளந்துவிட்டார்கள்.
ஒன்று சுழலும்போதே அடுத்ததற்கு மாவு பார்க்கணும்,
யூரியா பார்க்கணும், கையெழுத்துப் போடணும்.
ஒன்பது நாள்
பத்மலோசனி மாடிப்படியில்
ஒரு கால் தூக்கியபடியே நின்றாள்.
கையிலிருந்த காப்பி ஆறவில்லை.
மேலறையில் இருமியது யாரென்று
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
பத்தாம் நாள் நான் பிரித்தபோது
கொஞ்சம் கோபமாகத்தான் ஏறினாள்.

ஒருநாள் டிரைவர் சுகதன்
ஜன்னலில் தலை நீட்டி,
"கழிஞ்ஞோ சேச்சி?" என்றார்.
"இல்லை, இன்னும் நாற்பது பக்கம்" என்றேன்.
பாவம், தன் பாலுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று
முகம் வெளுத்துவிட்டது.

அப்புறம் அந்த ஹர்த்தால்.
பாலுக்கும் பத்திரிகைக்கும் விலக்கு என்றார்கள்.
ஆனாலும் கண்ணாடிக்குப் பயந்து
ஒருவரும் வண்டி எடுக்கவில்லை.
சாலையில் நாய்கள் நடுவில் படுத்திருந்தன.
மிச்சம் முப்பத்தொரு பக்கம்.
எட்டு மணி நேரம் முழுசாக என்னுடையது.
நாற்காலியை விளக்கடிக்கு இழுத்தேன்,
செருப்பைக் கழற்றினேன்,
காலை நீட்டினேன்.

ஓடவில்லை.

சுவரில் பல்லியைப் பார்த்தேன்.
போனில் யாரோ ஒருத்தி
பீர்க்கங்காய்த் துவையல் அரைப்பதைக்
கடைசிவரை பார்த்தேன்.
ஒரே பத்தியை நாலு தரம் படித்தேன்.
இவ்வளவு நேரம் கையில் இருப்பது
அடுத்த வீட்டுச் சாவி
கையில் இருப்பது போல இருந்தது.

ஒன்றரை மணிக்கு எழுந்தேன்.
இரண்டு குழாயில் பச்சைத் தண்ணீர் பிடித்தேன்.
எதிரெதிரே வைத்தேன்,
ஒரு பக்கம் மட்டும் வைத்தால் இயந்திரம் அதிரும்.
பொத்தானை அமுக்கினேன்.
அந்த இரைச்சல் கிளம்பியது,
கூடவே பத்மலோசனியும் கிளம்பினாள்.

மூன்று பக்கம்.
நின்றது. மறுபடி அமுக்கினேன்.
மூன்று.

விடிந்ததும் வந்த ஷைலஜா
இயந்திரத்தின் மூடியைத் தொட்டாள்.
"சூடாயிருக்கே, லோடு ஏதும் வந்ததோ?"

"பதினொன்று" என்றேன்.
பதிவேட்டின் வெற்றுப் பக்கத்தை
முழங்கையால் மறைத்துக்கொண்டு
"எல்லாம் பாஸ்" என்றேன்.